கையளவு விமானம்

மூன்றாவது தடவையாக வெள்ளைப் பெயின்டைச் சுரண்டி எடுத்தார் பொம்மைக்கடைக்காரர்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த விமானியின் மனைவிக்கு எரிச்சல்கூட வரவில்லை. அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"நல்லாத்தானே இருந்துச்சு அண்ணே?"

"இவ்வளவு வெள்ளையா இருக்காதும்மா. கொஞ்சம் பழுப்பேறியிருக்கும்."

"நான் குடுத்த போட்டோவுல பளிச்சுன்னு இருக்கே?"

"அது புதுசுல எடுத்தது" என்றார், தலை நிமிராமல்.

தொழில் தெரிந்தவர், போட்டோவைப் பார்த்தே சொல்லிவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி, ஓரம் தேய்த்து, பசை வைத்து ஒட்டி, கையளவு விமானமாக்க அவருக்கு நாலு வாரம் பிடித்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவன் ஓட்டிய சரக்கு விமானம், தரையை விட்டுக் கிளம்பிய மூன்றாவது நிமிடம் விழுந்தது. விமானத்தில் ஒரு கோளாறும் இல்லை, விமானி செய்த தவறுதான் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அன்று ஆரம்பித்த அலைச்சல். இங்கே கேட்டால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் அதிகாரி இப்போதுதான் எழுந்து போனார் என்பார்கள். செருப்பு தேய்ந்தது, கோப்பு நகரவில்லை.

ஒருவழியாக நாளைக் காலை மறுவிசாரணை. வால் பகுதிதான் முதலில் கழன்றது என்று காட்ட, அந்த விமானத்தைப் போலவே சின்னதாகப் பொம்மை ஒன்று செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார் வக்கீல். மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் கையை விரித்துவிட, இவர் ஒருவர்தான் ஒப்புக்கொண்டார்.

செல்போன் அடித்தது. வக்கீல்தான். "சரி சார்... சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

"என்னம்மா?"

"பொம்மை மட்டும் போதாதாம். விவரம் தெரிஞ்ச சாட்சி ஒருத்தராவது வேணுமாம். விமானக் கம்பெனியில அப்ப வேலை பார்த்தவங்க யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "போதும்ணே. தப்பு அவர் மேலயே இருந்துட்டுப் போகட்டும். இதுக்கு மேல என்னால நடக்க முடியாது. உங்க உழைப்பும் வீணாப்போச்சு, மன்னிச்சுக்குங்க."

பொம்மைக்கடைக்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பழைய துணியை எடுத்து விரல்களைத் துடைத்தார். பெயின்ட் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உட்காருங்கம்மா. நாளைக்கு நான் வர்றேன்."

"நீங்க வந்து என்னண்ணே சொல்லப்போறீங்க?"

இந்த நாலு வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"விமானத்தைப் பார்க்காமலே, எல்லாம் சரின்னு அன்னிக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்தாம்மா."