உலோகம் இருந்தால் கழற்றவும்

அதிகாரி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எக்ஸ்ரே அறை. மருத்துவமனை ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மார்புப் படம். காலையிலிருந்து முப்பத்தோரு பேர் முடிந்திருந்தார்கள்.

ஒவ்வொரு படம் திரையில் வரும்போதும் அவர் முன்னால் குனிந்தார். நுரையீரலைப் பார்க்க அல்ல.

பணி நேரத்தில் எந்த மதத்தின் அடையாளமும் உடம்பில் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்து மூன்று வருடமாகிறது. மோதிரம், தாயத்து, சிலுவை, எதுவும். சிலர் உள்ளே மறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். ஆளைத் தடவிப் பார்க்க முடியாது. அதனால் அதிகாரி இங்கே வந்துவிட்டார்.

"மனுஷன் மறைப்பான். மெஷின் மறைக்காது. என்ன தம்பி?"

சிரித்து வைத்தேன்.

பத்து மணிக்கு ஆய்வகத்துக்காரர் ஒருவரின் தாயத்து திரையில் தெரிந்தது. அதிகாரி அவர் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். பன்னிரண்டு வருட வேலை. அரை மணி நேரத்தில் மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு, படம் எடுத்தவர்களைப் பின்கதவு வழியாக அனுப்பச் சொன்னார். வரிசையில் நிற்பவர்களுக்குச் செய்தி போகாது.

முப்பத்திரண்டாவதாக அக்கா வந்தார்.

பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. வார்டிலிருந்து நேராக வந்திருந்தார். படத்துக்கான அங்கி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

அங்கிக்குள், இடது காறை எலும்புக்குக் கீழே, ஒரு விரல் நீளத்தில் வெள்ளிச் சிலுவை உள்சட்டையில் ஊக்கால் குத்தியிருக்கும். எனக்குத் தெரியும்.

மைக்கை அழுத்தினேன்.

"உலோகம் எதுவும் இருந்தா கழட்டிடுங்க."

அக்கா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். வெளிச்சம் அந்தப் பக்கம். என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. அதிகாரி இருப்பதும் தெரிந்திருக்காது.

"எதுவா இருந்தாலும் கழட்டிடுங்க" என்றேன் மறுபடியும்.

தலையை ஆட்டிவிட்டுப் பலகையில் மார்பைச் சாய்த்து நின்றார்.

தோளைச் சரிசெய்கிறேன் என்று நான் வெளியே போயிருக்கலாம். கால் வரவில்லை. அதிகாரியின் பேனா மூடி திறந்தே இருந்தது.

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பொத்தானை அழுத்தினேன்.

அதிகாரி முந்தைய பெயருக்கு நேரே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வினாடியில் படம் வந்தது.

கறுப்பு நுரையீரலின் மேல் வெள்ளை வெளேரென்று சிலுவை.

நீக்கினேன்.

"என்னாச்சு?"

"அசைஞ்சுட்டாங்க சார். திரும்ப எடுக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வேலையும் இப்போது அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

இந்த முறை கால் வந்தது. வெளியே போனேன். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று அக்காவின் தோளைப் பிடித்தேன். மற்றொரு கையின் விரலால் என் மார்பில், இடது பக்கம், இரண்டு முறை தட்டினேன். பிறகு கண்ணால் பின்னால் காட்டினேன்.

அக்காவின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது.

ஆயிரம் பிரசவம் பார்த்த கை. அதற்கு ஊக்கைக் கழற்ற வரவில்லை. இழுத்தார். துணி கிழிந்தது. என் உள்ளங்கையில் வைத்தார்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். ஊக்கு திறந்திருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் குத்தியது. முகத்தை மாற்றாமல் வந்து நின்றேன்.

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நானும் பிடித்தேன்.

படம் வந்தது.

அதிகாரி எழுந்தே விட்டார். மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து, கழுத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார்.

"சுத்தம்" என்றார். டிக் போட்டார். "அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சிலுவை இருந்த இடத்தில், அதன் இரண்டு கட்டைகளும் சந்தித்த இடத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெள்ளை இருந்தது.

உலோகத்துக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். இதற்கு ஓரமே இல்லை. கறுப்புக்குள் மெல்லக் கரைந்திருந்தது. நுரையீரலில் கட்டி இப்படித்தான் தெரியும்.

அறைக்குள் அக்கா அங்கியை இறுக்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"தம்பி, நல்லா வந்துருச்சா?"

மைக் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

கணினியில் அக்காவின் பெயருக்குக் கீழே பழைய படங்கள் மூன்று இருக்கின்றன. மூன்றையும் எடுத்தவன் நான். உலோகத்தைக் கழற்றச் சொல்லி மைக்கில் சொல்வேன். அதிகாரம் படைத்தவர்கள் காதில் விழுவதற்காகச் சொல்வது அது, தனக்கல்ல என்று அக்காவுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே பலகையில் சாய்வார்.

மூன்றிலும் அதே இடத்தில் சிலுவை இருக்கும்.

போன வருடம் படம் பார்க்கும் டாக்டர் கூப்பிட்டு அந்தச் சிலுவை என்ன என்று கேட்டார். அக்காவோடது சார், கண்டுக்காதீங்க என்றேன்.

அவரும் நல்லவர். கண்டுகொள்ளவில்லை.