பச்சைக் கட்டம்

அந்த இணையதளத்தில் இலவசமாக ஐந்து பேர்தான் சேர முடியும். எங்கள் பள்ளியிலும் ஐந்து ஆசிரியர்கள்தான். ஆளுக்கொரு நிறம் எடுத்துக்கொண்டு வாரப் பாடத்திட்டத்தை அதில் எழுதினோம். கணக்கு எடுக்கும் நான் மஞ்சள். அறிவியல் ஜெசிந்தா டீச்சர் பச்சை. நாங்கள் ஞாயிறு மாலை அரக்கப்பரக்க நிரப்புவோம். அவர் மட்டும் மார்ச் வரைக்கும் எழுதி வைத்துவிட்டு, நவம்பரில் செத்துப்போனார்.

அவர் இடத்துக்குக் கோமதி வருவதற்கு முதல்நாள் தலைமையாசிரியர் என்னிடம், "ஜெசிந்தா பேரை எடுத்துட்டுப் புது டீச்சரைச் சேர்த்துடுங்க" என்றார். நீக்கப் போனேன். 'இவர் எழுதியவை அனைத்தும் அழிந்துவிடும். சம்மதமா?' என்று திரை கேட்டது. வரும் புதன்கிழமைக் கட்டத்தில் பச்சை எழுத்து: 'ஏழாம் வகுப்பு. விதை முளைத்தல். பயறு ஊறப்போட்டுக் கொண்டுபோகணும். வேணிக்குப் பேச்சு திக்கும், எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லக் கூடாது.'

நான் என் பெயரை நீக்கிவிட்டுக் கோமதியைச் சேர்த்தேன். என் பாடத்திட்டம் பழையபடி நோட்டுக்குப் போனது.

புதன்கிழமை காலை கோமதி போனை நீட்டிக்கொண்டு வந்தார். "டீச்சர், பச்சையில எழுதுறவங்க யாரு? இன்னும் பார்க்கவே இல்லையே. பயறு அவங்க கொண்டு வருவாங்களா, நான் வாங்கிட்டு வரணுமா?"

சாப்பாட்டுப் பையிலிருந்து ஈரத்துணி முடிச்சை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"குடுத்து விட்டிருக்காங்க" என்றேன்.