வீட்டிலேயே கனமான ஆள்

"மார்ச் 11, புதன். கணக்கில் ஒரு தவறு செய்துவிட்டேன். குளியல் தொட்டியைச் சுற்றி மூன்று சுவருக்கும் நீர் புகாத பலகை அடிக்க என்ன ஆகும் என்று கேட்டேன். பழைய டைல்ஸைப் பெயர்க்க என்ன ஆகும் என்று கேட்கவில்லை."

மாலை வகுப்பில் செலவுக் கணக்கு படிக்கிறவள் இப்படியா கோட்டைவிடுவாள் என்று மகள் நோட்டில் இன்னொரு வரி எழுதினாள். கொஞ்சம் அழுதுவடிவதாகப் பட்டது. அடித்துவிட்டாள்.

தப்பு என்னவோ சின்னதுதான். அது இழுத்துவிட்ட செலவுதான் சின்னதாக இல்லை. டைல்ஸைப் பெயர்த்தால் உள்ளே சுவர் ஊறிப் பொத்துப்போயிருந்தது. பலகையின் விலையைவிடப் பெயர்ப்பதற்கும் பூசுவதற்கும் ஆன கூலி அதிகம்.

பாதியில் நிறுத்தவும் வழியில்லை. கீழ்வீட்டுக்காரர் தன் சீலிங்கில் ஈரம் படர்வதைப் படமெடுத்து இரண்டு தடவை கொண்டுவந்து காட்டிவிட்டார். மூன்றாவது தடவை படத்தோடு நிற்கமாட்டார்.

துண்டு விழுந்த தொகையை அம்மாதான் கொடுத்தாள். களைப்பாக இருக்கிறது என்று போனபோது மருத்துவர் சில பரிசோதனைகள் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கென்று ஒதுக்கிவைத்த பணம்.

"ஒழுகுறது சுவரு. நானா ஒழுகுறேன்?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மகளும்தான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

இன்று பலகைகள் ஏறிவிட்டன. தொட்டியின் விளிம்பும் பலகையும் சேருகிற இடத்தில் பசை வைப்பது மட்டும் பாக்கி. பிளம்பர் பசைத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றார்.

வெறும் தொட்டிக்குப் பசை வைத்தால் ஆள் இறங்கியதும் தொட்டி ஒரு நூல் அமுங்கும், பசை வாய்பிளக்கும், தண்ணீர் மறுபடி சுவருக்குள் போகும். அதனால் தொட்டி நிறையத் தண்ணீரை விட்டு, அது அமுங்கி இருக்கும்போதே பசை வைப்பதுதான் அவர் வழக்கம். இன்று குழாயைக் கழற்றிப்போட்டாயிற்று, நாளைக்குத்தான் தண்ணீர். நாளைக்கு அவருக்கு வேறு வீட்டில் வேலை. திரும்ப ஒரு நாள் வந்தால் திரும்ப ஒரு நாள் கூலி.

"வீட்லயே கனமான ஆள் யாரு? அவங்க உள்ள உக்காந்தா போதும்."

அப்பா சமையலறைப் பக்கம் கையை மட்டும் நீட்டினார்.

அப்பாவும் மகளும் ஒரே வார்ப்பு. வீட்டில் அவளுக்குப் பெயரே ஈர்க்குச்சி. அம்மாவுக்கு அப்பா வைத்த பெயர் குண்டம்மா. கல்யாணப் படத்தில் தனக்குக் கிடைத்தது கால்வாசி இடம்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சு வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டிருந்தது.

அம்மா வரமாட்டேன் என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது, முட்டி மடங்காது, ஈர்க்குச்சியே உட்காரட்டும் என்றாள். அப்பா விடவில்லை. குண்டம்மாவின் உடம்பு இந்த வீட்டுக்கு உதவப்போகிற ஒரே நாள் இதுதான் என்று கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். ஸ்வெட்டரை மட்டும் கழற்றவில்லை. இப்போதெல்லாம் குளிர்கிறது என்பாள்.

தொட்டி அமுங்கி இடைவெளி விட்டிருக்கிறதா என்று பார்க்க, பிளம்பர் ஒரு நாணயத்தை எடுத்து விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே வைத்து அழுத்தினார். போகவில்லை.

"நல்லா உக்காருங்கம்மா."

"உக்காந்துதான் இருக்கேன்."

இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் போகவில்லை. அவர் தலையை நிமிர்த்தாமலே, பாப்பாவை ஒரு தடவை உட்காரச் சொல்லிப் பார்க்கலாம் என்றார்.

அம்மா எழுந்தாள். மகள் உட்கார்ந்தாள்.

நாணயம் பாதிவரை உள்ளே போனது.

"இது போதும்," என்றார் பிளம்பர். "பசை இறுகுற வரைக்கும் அசையாதீங்க."

அடுத்த கிண்டலுக்குத் தயாராக இருந்த அப்பா நாணயத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகுதான் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அதற்கடியில் இன்னொரு ஸ்வெட்டர். அதற்கும் அடியிலிருந்து மூன்றாவது ஒன்றின் கழுத்துப்பட்டி எட்டிப் பார்த்தது.

"அம்மா," என்று மகள் எழப்போனாள்.

பிளம்பர் கையைக் காட்டித் தடுத்தார். அதற்குள் அவர் வைத்த பசை மூலைவரை வந்துவிட்டிருந்தது. இப்போது எழுந்தால் செய்ததெல்லாம் வீண்.

உட்கார்ந்துவிட்டாள்.

பால் பொங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே அம்மா வெறுங்காலோடு போனாள். அவளுடைய செருப்பு தொட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அப்பா குனிந்து அதை எடுத்தார். எடுத்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

இறுகுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார் பிளம்பர். வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மகள் அப்பாவிடம் நோட்டையும் பேனாவையும் எடுத்துத் தரச் சொன்னாள். தண்ணீரில்லாத தொட்டியில், முழங்காலில் நோட்டை வைத்து, தோள் அசையாமல், காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினாள்.

"நாளை: அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். அடுத்த பருவத்துக்கான வகுப்புக் கட்டணம் கையில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். காலையில் முதல் ஆளாகப் போய்விட வேண்டும். அம்மா வெறும் வயிற்றோடு வர வேண்டும்."