வேனுக்குப் புது முகம்

ஜெலாப்பாங் பட்டறையில் பத்துமலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. கமுந்திங்கில் பின்பக்கம் நசுங்கிக் கிடந்த புது மாடல் வேனிலிருந்து கழற்றி வந்த கிரில்லும் சதுர விளக்குகளும் அவனுடைய பழைய வேனில் ஏறிக்கொண்டிருந்தன.

“சீக்கிரம்லா அண்ணே! நாளைக்குக் காலையில சிலிபின்ல கல்யாணப் பொண்ண ஏத்தணும்.”

“பழைய மூஞ்சிக்கு என்னடா கொறச்சல்?” என்றார் மெக்கானிக் அந்தோணி.

“அதப் பாத்தா எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? இதான் மொத கல்யாண சவாரி. யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது.”

“வண்டி மூஞ்சிய நான் மாத்திட்டேன். மத்தத நீ பாத்துக்க.”

மறுநாள் சிலிபின் தெருவில் வேனைக் கண்டு பிள்ளைகள் ஓடி ஒளியவில்லை. கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்கவுமில்லை. பெண்ணின் அப்பா பம்பரைத் தடவிப் பார்த்து, “புது வண்டியா தம்பி?” என்றே கேட்டுவிட்டார்.

முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, பெண்ணைக் காணோம். பத்துமலை வேனைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

ஒருவழியாக மாலையும் கழுத்துமாகப் பெண் வாசலுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

அழுகைச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், பத்துமலை தன்னை மறந்தான். ஓடிப்போய்ப் பின்கதவை அகலத் திறந்துவிட்டு, பல வருஷப் பழக்கத்தில் கணீரென்று குரல் கொடுத்தான்:

“கடைசியா முகம் பாக்குறவங்கல்லாம் வந்து பாத்துக்குங்க!”