நீல முதுகுகள்

"உசுரோட எத்தன மிச்சம் இருக்கு அக்கா?" என்று கால்நடை மருத்துவர் மதீசன் போனில் கேட்டார்.

"மூனுதான் டாக்டர். அதுல ஒன்னு செனை. அதையாவது காப்பாத்திக் குடுங்க," என்றாள் கலாதேவி.

மழைக்குப் பின் தழைத்த இளம்புல்லில் அவள்தான் மந்தையை மேயவிட்டிருந்தாள். துள்ளுமாரி நோய் கண்டு பதினொரு செம்மறிகள் இரண்டே நாளில் செத்து விழுந்தன. எல்லாவற்றையும் பழைய ரப்பர்க்காட்டு ஓரத்தில் புதைத்து முடித்தபோது அவளால் கையைத் தூக்க முடியவில்லை.

மறுநாள் மதியம், மூன்று ஆட்டுக்கான மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து வந்தார் மதீசன். கொட்டகை மழை மூட்டத்தில் இருண்டு கிடந்தது. எது எதுவென்று பார்க்கவும் அவளுக்குத் தெம்பில்லை. கைக்கு அகப்பட்டதை முழங்காலிடுக்கில் பிடித்துக்கொண்டாள். அவர் ஊசி போட்டார். போட்டதற்கு அடையாளமாக அவள் ஆட்டின் முதுகில் நீலச்சாயம் தடவினாள்.

"என்னக்கா, ஆடு இப்படிச் சில்லுனு இருக்கு?"

"மழையில நனைஞ்சிருக்கும் லா."

மூன்று ஊசியும் முடிந்தது. மருந்துப் புட்டி காலி. கலாதேவி படலைத் திறந்தாள். நீல முதுகுகள் மூன்றும் வரிசையாக வெளியேறி, புதைத்த மேட்டின்மேல் போய்ப் படுத்துக்கொண்டன.

கொட்டகை மூலையில் இன்னும் மூன்று ஆடுகள் நின்றன. எதன் முதுகிலும் சாயம் இல்லை. சினையாடு அவளைப் பார்த்துக் கத்தியது.

"இன்னொரு ஊசி இருக்கா டாக்டர்?"

மதீசன் பெட்டியை மூடினார். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.