பச்சையில் நிற்கும் முள்

மேலாளர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். பேச வந்தவன் தன் படத்தைத் தானே வேடிக்கை பார்த்தால் கூட்டம் கைவிட்டுப் போய்விடும் என்று இரண்டு நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து எந்த மேடையிலும் மனிதர் திரும்பிப் பார்த்ததே இல்லை. குளிர்பதனக் கிடங்கில் அவருக்கு ‘ஸ்லைடு சார்’ என்று பெயரே விழுந்துவிட்டது.

இன்றைய கூட்டம் விளையாட்டில்லை. போன மாதம் கிடங்கின் அமோனியாத் தொட்டி கசிந்து, தெருவே கண்ணெரிச்சலோடு வெளியே ஓடி வந்திருந்தது. தொட்டி பத்திரமாக இருக்கிறது என்று இன்று நம்பவைக்காவிட்டால் தெருக்காரர்களின் மனு மேலே போகும். கிடங்குக்கும் பூட்டு, அவர் பிழைப்புக்கும் பூட்டு.

அதனால் எதிலும் குறை வைக்கவில்லை. கிடங்குச் சுவரை ஒட்டிய கூடத்தையே பிடித்தார். காலி நாற்காலி கண்ணை உறுத்தும் என்று கிடங்கு ஆட்கள் அத்தனை பேரையும், தொட்டியின் அழுத்த மீட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆப்பரேட்டர் உட்பட, கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தார். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நடுப்பேச்சில் அலறித் தொலைக்குமே என்று சைரனைக்கூட ஒரு மணி நேரத்துக்கு அணைக்கச் சொல்லிவிட்டார்.

கணினியைக் கவனிக்கும் பெண்தான் மேடையேறுகிற நேரத்தில் குறுக்கே வந்தாள். பழைய படத்தில் மீட்டரின் முள்ளே தெரியவில்லை, தொட்டிக்கு எதிரே மாட்டியிருக்கிற கேமராவில் தெளிவாகத் தெரிந்தது, அதைப் போட்டிருக்கிறேன் என்றாள். மேலும் ஏதோ சொல்ல வந்தவளைக் கையமர்த்தி, தெளிவாக இருந்தால் சரி என்று மேலாளர் ஏறிவிட்டார்.

பத்துப் படம் காட்டிக் குழப்புகிற ஆளில்லை அவர். ஒரே படம். திரை நிறைய வட்டமான மீட்டர், அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள், பச்சையில் சாதுவாக நிற்கும் ஒரு முள்.

“என்னை நம்ப வேணாம். இந்த முள்ளை நம்புங்க” என்றார். “பச்சையில இருந்தா எல்லாரும் நிம்மதியா தூங்கலாம். மஞ்சளுக்கு வந்தா நாங்க ஓடணும். சிவப்புக்கு வந்தா நீங்களும் ஓடணும்.”

கூட்டம் சிரித்தது. சொல்லிக்கொடுத்தபடியே, படம் மனதில் இறங்க மூன்று மூச்சு நேரம் விட்டு, வால்வுகளைப் பற்றியும் வாராந்திரச் சோதனையைப் பற்றியும் பேசத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் சலசலப்பு அடங்கியது. செல்போன் நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். எல்லார் கண்ணும் அவர் தோளுக்கு மேலே நிலைகுத்தி நின்றது. இப்படி ஒரு கூட்டம் வாழ்நாளில் அவருக்குக் கிடைத்ததில்லை. உச்சி குளிர்ந்துபோனது. கண்கூட லேசாகக் கரித்தது. பெருமையில்தான் என்று நினைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் ஒரு தாய் பக்கத்து நாற்காலியிலிருந்த மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பின்னால் ஒரு நாற்காலி தடாலென்று சாய்ந்தது. ஆப்பரேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு கிடங்குப் பக்கம் ஓடினார். சொந்த ஆளே பாதியில் எழுந்து போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? மேலாளருக்குச் சுருக்கென்றது. நாளைக்கு அந்த ஆளை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

மகளை மடியில் வைத்திருந்த தாய் எழுந்தாள். கிடங்குக்கு எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருப்பவள். மனுவில் முதல் கையெழுத்தும் அவளுடையதுதான்.

“சார், முள்ளு சிவப்புக்கு வந்துருச்சே. இப்ப நாங்க ஓடணுமா?”

மடக்கப் பார்க்கிறாள் என்று மேலாளருக்குப் புரிந்துவிட்டது. இப்படிப்பட்ட கேள்விக்குப் பதறக் கூடாது, முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது. திரும்பியும் பார்க்கக் கூடாது. அவர் பார்க்கவில்லை.

“ஏம்மா, போட்டோவுல எங்கயாவது முள்ளு நகருமா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கணினிப் பெண் எழுந்து நின்றிருந்தாள்.

“அது போட்டோ இல்ல சார். கேமரா ஓடிட்டிருக்கு.”