புதன்கிழமையின் நான்கு கிலோமீட்டர்

புதன்கிழமை அவள் சைக்கிளைத் தொடவே இல்லை. வியாழன் காலையில் பார்த்தால் மீட்டரில் நான்கு கிலோமீட்டர் கூடியிருந்தது.

மூன்றாவது வாரமாக இதே கதை.

வீட்டுக் கூடத்தில் நின்ற இடத்திலேயே மிதித்துப் பழகும் ஏற்பாடு அது. பின்சக்கரம் தாங்கியில் தூக்கி நிற்கும். ஓர் உருளை அதை அழுத்திக்கொண்டிருக்கும். சக்கரக் கம்பியில் ஒரு சிறிய காந்தம். அது சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சுற்று என்று கணக்கு. மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வாரந்தோறும் மீட்டர் கணக்கைக் கேட்டு வாங்கும் கோச்சும் அதைத்தான் நம்பினாள். அடுத்த மாதப் பந்தயத்துக்காக வாரம் நான்கு நாள் பயிற்சியை ஆறாக உயர்த்தியவள் அவள். மிதிக்கும்போது கால் தேய்கிறது, ஓயும்போதுதான் பலப்படுகிறது என்பாள். அதனால்தான் புதன்கிழமை விடுமுறை.

"ஓய்வுன்னா ஓய்வு. இன்னொரு புதன்கிழமை மீட்டர் ஏறுச்சுன்னா டீம்ல உனக்கு இடமில்ல, சொல்லிட்டேன்."

யார் ஓட்டியிருப்பார்கள்? கணவன் காலையில் வேலைக்குப் போனால் இருட்டியபின்தான் வருவான். மாமனாருக்கோ அந்தச் சைக்கிளைக் கண்டாலே ஆகாது.

"எங்கயும் போய்ச் சேராத வண்டிய மிதிச்சிட்டு என்னம்மா களைப்பு உனக்கு?"

இன்னொன்றும் இடித்தது. முன்பெல்லாம் புதன் மதியம் அவள் கண்ணயர்ந்தால் போதும், எட்டு மாதக் குழந்தை அழுது வீட்டை இரண்டாக்கிவிடும். மறுநாள் காலை நாடித்துடிப்பு அறுபத்தெட்டில் நிற்கும். களைப்பு தீரவில்லை என்று அர்த்தம். இந்த மூன்று வாரமாக வியாழன்தோறும் ஐம்பத்தாறு.

சைக்கிள் ஓடுகிறது, இவள் களைப்பு தீர்கிறது. என்ன கணக்கு இது?

இந்தப் புதன்கிழமை மீட்டரைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். தூக்கம் வரவில்லை. புரண்டாள். எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி படுத்தாள்.

வெளியே குழந்தை வீறிட்டது. சட்டென்று நின்றது.

டிக் டிக் டிக் டிக்.

கதவை விரலளவு திறந்து பார்த்தாள்.

மாமனார் சைக்கிளின் அருகே தரையில் உட்கார்ந்திருந்தார். தோளில் குழந்தை. உருளையின் திருகைத் தளர்த்தி வைத்திருந்தார். சக்கரம் தடையில்லாமல் சுழன்றது. மிதி அசையாமல் சக்கரம் மட்டும் சுழலும்போது அச்சுக்குள் இருக்கும் சின்னப் பற்கள் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டலில் குழந்தை வாயைப் பிளந்து தூங்கியது.

சத்தம் தேய்ந்தது. குழந்தையின் இமை துடித்தது. அவர் சக்கரத்தை இன்னொரு தள்ளு தள்ளினார்.

"இதோ வந்துட்டோம்டா செல்லம், இன்னும் கொஞ்ச தூரந்தான்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். படுத்ததுதான் தெரியும்.

அடுத்த புதன்கிழமை மீட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். படுக்கப் போகும் முன் உருளையின் திருகையும் தானே தளர்த்திவைத்தாள்.